கல்மான் வழங்கிய பெயர்

"கடல் தாண்டி வந்த பேரு எதுவும் என் கூரைக்குக் கீழ ஒரு ராத்திரி தங்காது!"

மேற்கு ஐஸ்லாந்தில், ஊர் வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்தபடி ஆட்டுப்பண்ணைக்காரர் கல்மான் இப்படி முழங்கியபோது எதிர்த்துப் பேச ஆளில்லை, எல்லோரும் வெந்துகொண்டிருந்தார்கள். தபால்காரர் ஸ்டெய்ன்தோர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன் பேரே அயர்லாந்துக்காரன் பேருடா. கோல்மான். அவனுக்கும் அது சொந்தச் சரக்கில்ல, லத்தீன்ல புறாவுக்கு உள்ள பேரை எடுத்து வச்சுக்கிட்டான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால கப்பலேறி வந்த புறாடா நீ."

"ஆயிரம் வருஷம் ஆச்சுல்ல? அதுக்குக் குடியுரிமை கெடச்சிருச்சு" என்றார் கல்மான், கம்பீரம் குறையாமல்.

குடியுரிமை அவருக்கு நன்கு தெரிந்த விஷயம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பண்ணை வேலைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த அன்னலீஸை மணந்தவர் அவர். குடியுரிமை வேண்டுமென்றால் ஐஸ்லாந்துப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். கல்மான் ஒரு மாலை முழுக்க யோசித்து, பழங்கதைகளின் வாசம் வீசும் 'ஆஸ்தீஸ்' என்ற பெயரை அவளுக்கு வழங்கி அருளினார். அவளும் நன்றி சொன்னாள். முப்பது வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள், எப்போதும் கொஞ்சம் தாமதமாக. காது மந்தம் என்று கல்மான் தீர்மானித்திருந்தார். கல்லறைக் கல்லிலும் ஆஸ்தீஸ் என்றே வெட்டச் செய்தார்.

அவள் இறந்த பின் வந்த இரண்டாம் குளிர்காலம். நிறைமாத மகள் ஸோல்வெய்க் பண்ணைக்கு வந்து, காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்பா, அம்மா கனவுல வந்தாங்க."

கல்மானின் கோப்பை பாதி வழியில் நின்றது. கர்ப்பிணியின் கனவில் இறந்தவர் வந்தால், தன் பேரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லிக் கேட்கத்தான் வருவார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. இதைக் குளத்தில்கூட யாரும் கேலி செய்ததில்லை.

"அதுக்கென்ன, ஆஸ்தீஸ்னு வச்சிருவோம்."

"நானும் அப்படித்தான்பா கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. வாசல்ல பெட்டியோட, கோட்டுகூடக் கழட்டாம நின்னாங்க."

"காது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் பிள்ளையை ஏந்தணும். பேரும் நீங்கதான் சொல்லணும்பா. அதுவரைக்கும் எங்கிட்டகூடச் சொல்ல வேணாம்."

பெண் பிள்ளை பிறந்தது. பெயரைக் கேட்க மொத்தக் குளமும் உலர்ந்த உடையில் தேவாலயத்துக்கு வந்து உட்கார்ந்தது. "பிள்ளையின் பெயர் என்ன?" என்றார் பாதிரியார்.

முழங்குவதற்கென்றே பிறந்த அந்தத் தொண்டையிலிருந்து முதல் வரிசைக்கு மட்டும் எட்டும்படி வந்தது.

"அன்னலீஸ்."

பெயர் வாய்மாறிக் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தபோது, ஸ்டெய்ன்தோர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி கொட்டிப் பாதை மூடிவிட்டதால் மகளும் பிள்ளையும் அன்று ராத்திரி பண்ணையிலேயே தங்கினார்கள். தொட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டவர் கல்மான்தான்.