ஆடித் தள்ளுபடியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

திருச்சியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எது போனாலும், பாதிக்குப் பாதி அதில் பேசுவது வேணியாகத்தான் இருக்கும். துணிக்கடைத் தள்ளுபடி, கண் மருத்துவ முகாம், அம்மன் கோயில் கஞ்சி எல்லாவற்றுக்கும் தேன் ஒழுகும் அதே குரல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரி என்பதில் எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. அடுத்த அறையில் படுத்த படுக்கையாக மாமனார் தங்கையன். வேணியிடம் வெகுகாலம் இருந்தது கச்சேரி மேடையில் கையில் பிடிப்பார்களே, அந்த டைனமிக் மைக். வாயருகே பேசினால்தான் எடுக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரைத் திட்டினாலும் அதற்குக் காது கேட்காது. அதே பழக்கத்தோடு இந்த ஆடிக்குக் கண்டென்சர் மைக் வாங்கினாள். அதுவோ பக்கத்து அறையில் கட்டில் முனகினாலும் பிடித்துக்கொள்ளும். ஹெட்போன் மாட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். துணிக்கடைக்காரர் அவசரப்படுத்த, தள்ளுபடிப் பதிவைச் செல்போனில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஆட்டோ வந்தது. "வாருங்கள், வாங்கிச் செல்லுங்கள்! ஆடித் தள்ளுபடி!" பிறகு சின்ன இடைவெளி. அதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், "வேணி... கொஞ்சம் தண்ணி குடும்மா."

"சும்மா கெடங்க மாமா! நாக்கு வறண்டா உசுரா போயிடும்?"

உடனே தேன்: "பட்டுப் புடவைகள் பாதி விலையில்!"

கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேணி ஓடிவந்து மறித்தாள். "நிறுத்துங்கண்ணே, ஒங்க கால்ல விழுறேன்!" நாலு சித்திரை வீதியையும் சுற்றிவிட்டுத்தான் ஆட்டோ வந்திருந்தது. மானம் கப்பலேறிவிட்டது. பதிவு முடிந்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள்தான். அதைத் தெருத்தெருவாகச் சொல்ல எந்த ஆட்டோ வரும்?

அதன் பிறகு நடந்ததை வேணியே எங்கள் வீட்டுக்கு வந்து அழுதபடி சொன்னாள். கடைக்காரர் திட்டிவிட்டு வேறு பேசித் தரச் சொன்னாராம். அன்று மத்தியானம் அதே மைக்கில் மறுபடி பேசி, இந்த முறை ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கிறாள். அவள் குரலைத் தவிர ஒன்றுமே இல்லை. ஒரு செருமல்கூட இல்லை. நாள் முழுக்க இருமுகிற மனிதர்.

பயந்துபோய் எழுந்து ஓடினாள். தங்கையன் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் நீர் கோத்து, முகம் சிவந்து கிடந்தது. அவளைக் கண்டதும் துண்டை லேசாக விலக்கினார்.

"முடிஞ்சுதாம்மா? இப்ப இருமிக்கிடலாமா?"