ரோசலிண்ட் திரும்பாத மாலை

டெல்பர்ட் ஹோக் எங்கள் மாநிலப் பூங்காவின் ரேஞ்சர். அருவிப் பாதையில் இறங்குகிறவர்கள் வாயிலில் இருக்கும் பதிவேட்டில் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். ஏறி வந்ததும், பெயருக்கு எதிரே திரும்பிய நேரத்தைக் குறிக்க வேண்டும். இருபத்தேழு வருடங்களாக அந்தப் பதிவேட்டோடுதான் அவர் குடும்பம் நடத்தினார். நிஜக் குடும்பம் ஆறு வருடம் முன்பே விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் அவருக்குப் பணி ஓய்வு. 'இவர் காவலில் ஒருவரைக்கூடத் தூக்கி வர நேர்ந்ததில்லை' என்று பொறித்த பித்தளைத் தகடு அலுவலகத்தில் தயாராக இருந்தது. அதை வாங்குவதற்காகவே மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணி. பதிவேட்டில் ஒரே ஒரு பெயர் திரும்பவில்லை. ரோசலிண்ட் ஹோக், தனியாக, ஒன்று பத்து.

"ஐயோ, என் பொண்டாட்டி! நாளைக்கு நான் ரிட்டயர் ஆகறேன்னு மனசு தாங்காம, அருவியில..."

"முன்னாள் பொண்டாட்டி," என்றேன் டிக்கெட் கூண்டிலிருந்து. "மீட்புக் குழுவைக் கூப்பிடட்டுமா, டெல்?"

"கூப்பிட்டா தகடு போச்சு, லோர்னா! நானே கூட்டிட்டு வர்றேன்."

ஓடினார். "ரோஸ்! ரோஸ்!" என்று அவரோடு சேர்ந்து பள்ளத்தாக்கின் பாறைகளும் கதறின. அரை மணி நேரத்தில் கூவல் மாறியது.

"லோர்னா! காலு போச்சு! ஆள் அனுப்பு!"

மூன்றாவது அருவியின் ஈரப் படியில் வழுக்கியிருந்தார். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தபோது, வாயிலில் ரோசலிண்ட் ஐஸ்கிரீமோடு நின்றாள். மூன்று மணிக்கே ஏறி வந்து, புல்வெளியில் படுத்துத் தூங்கிவிட்டாளாம்.

"திரும்பின நேரத்த ஏன் எழுதல, ரோஸ்?"

"பத்தொன்பது வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணினேன். எப்ப வீட்டுக்கு வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டியா? அந்தப் பழக்கமே எனக்கு வரலப்பா."

டெல்பர்ட்டின் கண்கள் நிறைந்தன. உதடு துடித்தது.

"லோர்னா... தகடு?"

தூக்கி வரப்பட்டவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதுவது அவரே போட்ட விதி. சிவப்புப் பேனாவோடு பக்கம் முழுவதும் தேடினேன். அவர் பெயர் இல்லை. பதறிய பதற்றத்தில் எழுதாமலே இறங்கியிருக்கிறார். இறங்காத ஆளை எப்படித் தூக்கி வர முடியும்?

மறுநாள், கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி தகட்டை வாங்கிக்கொண்டார். தூக்கி வந்த நால்வரும் கைதட்டினார்கள்.