ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ரத்தம்

எழுபதுகளில் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் ரத்தப் பரிசோதகராக இருந்தேன். மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அப்போது தொழிலாளிகள் சிலர் பிரம்மதேசம் பக்கம் நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போவார்கள். அப்படிப் போன ஒருவர் தலைவலி, கண் மங்கல் என்று ஒரு காலையில் வந்தார். துணைக்கு மைத்துனர். மருந்துதான் காரணமா, மறுநாள் அவர் வேலைக்குப் போகலாமா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்லும்படி டாக்டர் என்னிடம் சொன்னார்.

நரம்புகளுக்கு வேண்டிய ஒரு நொதி ரத்தத்தில் உண்டு. பூச்சிமருந்து அதை முடக்கும். நீலக் கரைசலில் ஒரு துளி ரத்தம் விட்டு, அந்த நொதி சிதைக்கும் பொருளைச் சேர்த்தால் அமிலம் உண்டாகி, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். நொதி முடங்கியிருந்தால் நீலம் நகராது. வெக்கையில் இது விரைவாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். அதனால் மருந்து படாத ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மைத்துனர் தான் மருந்து அடிப்பதில்லை என்று சொல்லி விரலை நீட்டினார்.

அரை மணி கழித்து இரண்டு குழாயும் ஒரே நிறம், லேசாகப் பச்சை ஓடிய நீலம். ‘வித்தியாசமில்லை’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு உறுத்தியது. மைத்துனருடையதாவது மஞ்சளாகியிருக்க வேண்டாமா? கரைசல் கெட்டுவிட்டதோ என்று என் விரலையும் குத்தி, மூன்று குழாய்களோடு மறுபடி தொடங்கினேன். காத்திருந்தபோது மைத்துனரிடம் வயலில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“மருந்து கலக்கிக் குடுக்கறதோட சரிங்க. தண்ணி விட்டு, கையால ஒரு கலக்கு.”

“குச்சி இல்லையா?”

“உப்புல ஊறுன கைங்க. இதுல எது ஏறப்போவுது? மாமனுக்குத்தான் பூ ஒடம்பு.”

கையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். விரலிடுக்கு வரை உப்பு அரித்த வெடிப்புகள்.

என் குழாய் மஞ்சளானது. மற்ற இரண்டும் நீலத்திலேயே நின்றன. முன்பு எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, சரியானதைக் கீழே எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். இருவரையும் படுக்கச் சொன்னார். துணைக்கு வந்தவனுக்கு எதற்குக் கட்டில் என்று மைத்துனர் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

“படுடா,” என்றார் மாமன். “உன் ரத்தமும் நீலமாத்தான் நிக்குதாம்.”

அதன்பின் வாரந்தோறும் இருவரும் வந்தார்கள். மாமனுடைய குழாய் முதலில் தேறியது; மைத்துனருடையது பின்தங்கியே வந்தது. ஒவ்வொரு முறையும் அதை அவரே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது மஞ்சளாகும்வரை மருந்து டின்னை அவர் தொடவில்லை.