கொண்டை ஊசி வளைவுகள் மேல் போட்ட பழி

முதல் வாந்தி செம்மேட்டுக்கு மூன்று வளைவு கீழே வந்தது. வேனை ஓரம் கட்டி, வாயைக் கொப்பளித்துவிட்டு, ரோட்டைத் திட்டினேன். கொல்லிமலை ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

நான் அடிவாரத்து மிளகு வியாபாரி. சிறு வயதிலிருந்தே வலது காதில் சீழ் வடியும். பஞ்சும் காதுமாகவே திரிவதால் சந்தையில் எனக்குப் பஞ்சு பாய் என்று பெயர். அந்த மாதம் சீழ் நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தேன். ஆனால் காலையில் எழும்போதே தலைவலி, கூடவே லேசான காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

வாந்தி எடுத்த கையோடு மலைமேல் உள்ள குண்டூர் நாடு என்ற ஊருக்குப் போய், பழனியம்மா என்ற விவசாயியின் களத்தில் மிளகை அள்ளிப் பார்த்தேன்.

“பாய், மிளகெல்லாம் கீழ கொட்டுதுங்க. கை என்னாச்சுங்க?”

இடது கை அள்ளியதைத் தானாக விட்டுக்கொண்டிருந்தது. எனக்கே தெரியவில்லை. வழியில் வாந்தி, எல்லாம் வளைவு பண்ணுகிற வேலை என்றேன்.

“இருவது வருசமா வாரீங்க. ஒருநாளாச்சும் வாந்தி எடுத்திருக்கீங்களா? பேச்சு வேற குழறுதுங்க. மொதல்ல வேன் சாவியக் குடுங்க.”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஜீப்பில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானே ஓட்டி இறங்கியிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் சீழ்க்கட்டி (கிருமி புகுந்து சீழ் கோத்த பை) தெரிந்தது. “காதுச் சீழ் நிக்கலைங்க, உள்ள போயிருக்கு,” என்றார் டாக்டர். மண்டையோட்டில் சிறு துளையிட்டுச் சீழை எடுத்தார்கள். ஆறு வாரம் ஊசி மருந்து. பிறகு காதிலும் அறுவைச் சிகிச்சை. பயந்தேன், அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

காதிலோ பல்லிலோ நாள்பட்ட சீழ் உள்ளவர்களே, விடாத தலைவலியோடு காய்ச்சல், வாந்தி, ஒரு பக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு என எது சேர்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ் வந்ததையும் நின்றதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது தினமும் காலையில் என் மனைவி பாத்திமா இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்கிறாள்.

“கண்ண மூடிக்குங்க. ஏமாத்தக் கூடாது.”

பத்து எண்ணுவாள். கட்டி திரும்பியிருந்தால் இடது கை தானாகக் கீழே இறங்குமாம். என் கை தளர்வது எனக்கே தெரியாது என்பதை அன்று மிளகுக் களத்தில் பார்த்துவிட்டேன். அதனால் கண்ணை லேசாகத் திறந்து அவள் முகத்தைப் பார்க்கிறேன். அது இளகிய பிறகுதான் எனக்கு அந்த நாள் விடிகிறது.