கழுத்தளவு தண்ணீரில் ஒரு கல்

எழுந்து நின்றால் கழுத்துக்கு மேல் தண்ணீர் வராத ஏரி எங்களுடையது. அதில் ஒருவர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கப் போகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எழுபதுகளின் கடைசி. மழை ஓய்ந்து, கடலோடு சேர்ந்த அந்த ஏரியில் உப்புப் போய் நல்ல தண்ணீர் ஏறியிருந்த சமயம். மெட்ராஸிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கிய அந்த ஆள், அடியில் முளைக்கும் பாசியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

"பாசி பாக்கவா இம்மாந்தொலவு வருவான்? எதிர்க் குப்பத்தான் அனுப்சிருக்கான். நம்ம படகுலயே ஏத்து, கண்ணுலயே வெச்சிக்கலாம்" என்றார் என் அப்பா, நைனா.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. வலை கட்டும் இடத்தை நாங்கள் பாடு என்போம். எங்கள் பாட்டுக்கும் எதிர்க் குப்பத்துப் பாட்டுக்கும் எல்லை, சேற்றில் கிடந்த ஒரு கல். வருஷம் ஒருமுறை இரு குப்பத்து ஆட்களும் இறங்கிக் காலால் துழாவுவார்கள். கல் தட்டுப்படும் இடம்தான் எல்லை. கலங்கல் தண்ணீரில் அதைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. அந்தத் தைரியத்தில்தான் முந்தின வருஷம் நைனாவும் நானும் அதை ஐம்பதடி தெற்கே தள்ளினோம். இறால் ஓடும் பள்ளம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்தால் பஞ்சாயத்தில் எங்கள் வலையையே விலக்கிவிடுவார்கள்.

அந்த ஆள் முங்கினார். குமிழிகள் போன வழியிலேயே கழியை ஊன்றிப் படகைத் தள்ளினேன். அவர் நேராக எல்லைப் பக்கமே போனார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லையே கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"பழைய சிலையோன்னு தூக்கிட்டு வந்தேன், வெறும் கல்லுதான். கலங்கல்ல திசையே தெரியல. எங்க இருந்துச்சு, காட்டுங்க, அங்கயே வெச்சிடறேன்."

நைனாவின் கை தெற்கே நீண்டது. அதே நொடியில் என் கை வடக்கே நீண்டுவிட்டது. சின்ன வயதிலிருந்து என் கால் தடவிய இடம் அதுதான். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் எதிர்க் குப்பத்துப் படகு ஒன்று நின்றிருந்தது. நைனா கையை இறக்கிக்கொண்டார். கல் நான் காட்டிய இடத்துக்கே போனது.

கரையில் இறங்கியதும் நைனா என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"எதிர்க் குப்பத்தான் உனுக்கு இன்னா குடுத்தான்?"