எனக்கு மட்டும் அடிக்காத வாடை

பேயி, முனின்னு எவனாச்சும் பேச்செடுத்தா நான் எந்திரிச்சு டீக்கடைக்குப் போற ஆளுங்க. வருசக்கணக்கா மினி பஸ் ஓட்டுனவன், திருமங்கலத்துக்கும் சுத்துப்பட்டு கிராமத்துக்கும். கடைசி டிரிப்புல சுடுகாட்ட ஒட்டி வண்டிய நிப்பாட்டி டயர் மாத்திருக்கேன், ஒரு பூச்சி கூட வந்து என்னய என்னன்னு கேட்டதில்ல. அதனால நீங்க கேட்டுட்டுச் சிரிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன், ஒங்க எடத்துல நான் இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

மொதல்ல என் சீக்கச் சொல்லிர்றேன், அது இல்லாம மத்தது புரியாது. எனக்கு வாசம் தெரியாது, நாத்தமும் தெரியாது. அடுப்புல பால் பொங்கித் தீஞ்சு வீடே நாறிக் கெடக்கு, நான் பக்கத்துல ஒக்காந்து செல்போன் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், என் வீட்டுக்காரி செல்வி வந்து ஏசுன ஏச்சு இருக்கே. கொரோனா வந்துட்டுப் போனதுல மூக்கு போச்சுன்னு நெனச்சு அதோட விட்டுட்டோம். அப்புறம் வலது காது கேக்கல, அதுக்கப்புறம் நடை தள்ளாட ஆரம்பிச்சிருச்சு. சாராயத்தத் தொடாதவன் நான், போலீஸ்காரர் பைக்க மறிச்சு ஊதச் சொல்றாரு, ஊதுனா மிசின்ல ஒண்ணும் காட்டல, அவரு மிசினத் தட்டித் தட்டிப் பாக்குறாரு. கடைசில பெரிய டாக்டர் ஒருத்தரு தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, எப்பவோ பட்ட அடியில உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு மூளை மேல துருப்புடிச்ச மாதிரி படிஞ்சிருச்சு, ரொம்ப அபூர்வமா வர்ற நோவுன்னாரு. அது பேரு என் வாயில நொழையல. மூக்கும் காதும் திரும்பாதாம். "போகப் போகப் புத்தி கொஞ்சம் தடுமாறலாம், கவனமாப் பாத்துக்கங்க"ன்னு செல்விகிட்ட சொன்னாரு. என்கிட்ட இல்ல, அவகிட்ட.

அன்னைக்குப் புடிச்ச பயங்க எனக்கு. மூக்கும் காதும் போனாப் போகட்டும், புத்தி போச்சுன்னா மனுசன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு. வண்டிய விட்டுட்டு ஒரு ஹார்டுவேர் கடையில கவுண்டர்ல ஒக்காந்திருந்தேன், புத்தி பெசகுன ஆளுன்னு பேர் வந்தா அந்த வேலையும் போயிரும். அதனால மூக்கு விசயத்த எங்க வளவுல யாருக்கும் மூச்சு விடல.

வளவுன்னா, ஒரே வாசல், உள்ள வரிசையா சின்னச் சின்ன வீடுக. எங்களுக்கு அடுத்த வீடு தங்கராசு அண்ணே. மில்லுல வேலை பாத்து ஓய்வானவரு, சம்சாரம் போய்ச் சேந்துருச்சு, புள்ளைகுட்டி கெடையாது. என்னய மாப்ளன்னுதான் கூப்பிடுவாரு.

சிவராத்திரி வந்தா எங்க பக்கம் என்ன நடக்கும்னு தெரியும்ல, அவனவன் குடும்பத்தோட கொலசாமி கோயிலுக்குக் கெளம்பிருவான். அங்கயே தங்கி, கெடா வெட்டி, தின்னது போகப் பங்குக் கறியப் பையில போட்டுக்கிட்டு மூணு நாலு நாள் கழிச்சு மெதுவாத்தான் வருவாக. எங்க வளவும் மொத்தமா காலி. செல்வி என் தம்பி குடும்பத்தோட போயிட்டா. எங்க சாமி கம்மாய்க்கரையத் தாண்டி கருவேலங்காட்டுக்குள்ள இருக்கு, வரப்பு மேல தள்ளாடிக்கிட்டு நான் எங்க போறது. தங்கராசு அண்ணேனுக்குப் பங்காளி வீட்ல சாவு, தீட்டு, அவரும் போகல. "நம்ம ரெண்டு பேருந்தான் காவலு மாப்ள"ன்னு செல்வி கெளம்புன அன்னைக்குச் சொல்லிட்டு உள்ள போனாரு. அதுக்கப்புறம் அவரு கண்ணுல படல. மனுசன் நிம்மதியாத் தூங்குறாருன்னு நெனச்சுக்கிட்டு, நான் கடைக்குப் போறதும் மெஸ்ஸுல திங்கிறதுமா இருந்தேன்.

செல்வி வர்றதுக்கு மொத நாள். பராமரிப்புன்னு காலையிலேயே கரண்ட்ட நிப்பாட்டிட்டாங்க. வெயில் எறங்குற நேரம், கடையிலேர்ந்து வந்து வாசப்படியில ஒக்காந்து ஒரு அட்டைய வச்சு விசிறிக்கிட்டு இருக்கேன், "மாப்ள"ன்னு ஒரு சத்தம். அவரு கதவு சாத்தியிருந்துச்சு, தாப்பா போடல. தள்ளிட்டுப் போனா உள்ள இருட்டு, சன்னல் அடைச்சிருக்கு. கட்டில்ல போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு, மூஞ்சி சரியாத் தெரியல.

"மேலுக்கு முடியலையாண்ணே"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. வா, கிட்டக்க வந்து ஒக்காரு. ஒனக்குத்தான் வாடை தெரியாதே"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. இந்தச் செல்வி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல, சொல்லிட்டாளேன்னு கோவம் வந்துச்சு. இருந்தாலும் பெரிய மனுசன் கூப்பிடுறாரு, பிளாஸ்டிக் சேரக் கட்டிலோட ஒட்டிப் போட்டு ஒக்காந்தேன். ஈயா மொய்க்குது, கையில இருந்த அட்டையால அவருக்கு விசிறி விட்டேன். பஸ் கூட்டத்தப் பத்திப் பேசுனோம், மெஸ்ஸுல சாம்பார் தண்ணியா ஊத்துறான்னு நான் சொன்னேன், அவரு சிரிச்சாரு. நடுவுல, "காலு ரெண்டும் வெலகிக் கெடக்கு மாப்ள, என்னால முடியல, சேத்து வச்சு விடு"ன்னாரு. போர்வையோட புடிச்சுச் சேத்து வச்சேன். நான் வேர்த்து ஊத்துறேன், அவரு காலு சில்லுன்னு இருக்கு. வயசான ஒடம்பு, ரத்த ஓட்டம் கம்மின்னு நெனச்சுக்கிட்டேன். சாப்பாடு வாங்கியாரட்டான்னு கேட்டதுக்கு, "எனக்கு என்னத்துக்கு, எல்லாரும் வரட்டும், பாத்துக்கலாம்"ன்னாரு. சரின்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் காலையில செல்வி வந்தா. வளவு வாசல்ல கால வச்சவ, "அய்யய்யோ, கறி கெட்டுப் போச்சே"ன்னு அங்கயே நின்னுட்டா. பஸ் வெக்கையில பங்குக் கறி வீணாப் போச்சுன்னு அவ நெனப்பு. சாமி கறிய வீசுறமேன்னு பொலம்பிக்கிட்டே பையத் தெருநாய்க்குப் போட்டா. நாய்க நல்லாத்தான் தின்னுச்சு. கைய ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வந்தா, வாடை போகல, இன்னும் கூடுது. மோந்துக்கிட்டே வந்தவ என் சட்டைக்கிட்ட வந்து நின்னா. முந்துன நாள் போட்ட சட்டை, அதோடதான் தூங்கியிருக்கேன். அவ்வளவுதான், வாயப் பொத்திக்கிட்டு ஓடி வாந்தி எடுத்துட்டா.

"எங்க போய்ப் பொரண்டுட்டு வந்தீக?"

"நான் எங்கடி போனேன், நேத்துத் தங்கராசு அண்ணேன் வீட்ல கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தேன், அம்புட்டுத்தான்."

அவ பக்கத்து வீட்டக் கூட எட்டிப் பாக்கல. தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டா. கதவத் தள்ளுனவங்க மூக்கப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே பின்னால வந்துட்டாங்க, எளவட்டப் பயக கூட நிக்க முடியல. நான் மட்டும் போய் நின்னு பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. வெளிச்சத்துல அந்த மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

செல்வி கெளம்புன அன்னைக்கே மாரடைப்புல முடிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. போலீஸ்காரர் கட்டில ஒட்டி இருந்த சேரப் பாத்துட்டு, இது யாரு போட்டதுன்னு கேட்டாரு. நேத்து நாந்தான்னு சொல்ல வாயத் தொறந்தேன், செல்வி பின்னாலேர்ந்து கிள்ளுன கிள்ளு ரெண்டு நாள் கன்னிப் போய் இருந்துச்சு. தூக்க வந்த ஆளு, "காலு மட்டும் ஒழுங்காச் சேத்து வச்ச மாதிரி இருக்கு, பெருவெரலக் கட்டுறதுக்குத் தோதா"ன்னு சொல்லிக்கிட்டே போர்வையச் சுத்துனாரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து செல்வியத் திட்டுனேன், மூக்கு விசயத்த ஏன் அவருகிட்ட சொன்னன்னு. அவ எங்க கொலசாமி மேல சத்தியம் பண்ணுனா, யாருகிட்டயும் சொல்லலன்னு. அப்பத்தான் இன்னொண்ணும் ஒறைச்சுச்சு. சேரப் போட்டு ஒக்காந்தப்ப கட்டிலு என் வலது பக்கம் இருந்துச்சு. அவரு பேசுனதெல்லாம் அந்தப் பக்கத்துக் காதுக்குள்ளதான் கேட்டுச்சு, அந்தக் காதுல இடி விழுந்தாக் கூட எனக்குக் கேக்காது.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம். காது போனா மூளை தானா எதாச்சும் சத்தத்தக் கெளப்பி விடும், ஆனா இம்புட்டுப் பேச்சா பேசாதேன்னாரு. திரும்ப ஸ்கேன் எடுத்தாரு. பழசு மாதிரியே இருக்கு, ஒண்ணும் கூடலைன்னாரு. எதுக்கும் கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தரம் எடுத்துப் பாப்போம்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு.

என் கொடுமையப் பாருங்க. அன்னைக்குப் பேசுனது அண்ணேன் இல்லைன்னா, என் புத்தி போக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். பேயே இல்லைன்னு அடிச்சுப் பேசுனவன், இன்னைக்கு அது பேயாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்.

அந்த வளவுல இருக்க முடியல, சமயநல்லூர்ப் பக்கம் குடி மாறி வந்துட்டோம். சாயங்காலம் வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருப்பேன், செல்வி காப்பி கொண்டாருவா. சில நாள், குடுக்க வந்தவ அப்பிடியே நின்னு, முந்தானைய எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டு எனக்குப் பக்கத்துல பாப்பா. என்னடின்னா, "ஒண்ணுமில்ல, சாக்கடை"ம்பா. எங்க தெருவுல சாக்கடையே கெடையாதுங்க. எனக்கா ஒரு வாடையும் தெரியல. நம்புனா நம்புங்க, அவ மூக்கப் பொத்துறப்பல்லாம், அப்பாடா, புத்தி நல்லாத்தான் இருக்குன்னு எனக்கு நெஞ்சு குளுந்து போகுது. கொஞ்ச நாளா அவ பொத்துறதில்ல. இப்பல்லாம் காப்பியோட அவ வரும்போது நான் அவ மூஞ்சியப் பாக்குறதில்ல, பொத்துவாளா பொத்துவாளான்னு அவ முந்தானையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.