வராத வெள்ளத்துக்கு அறுத்த பாவு

வெள்ளம் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். "தண்ணியே வரல, இவ பாவை அறுத்துட்டா!" சொல்லட்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுத்தேன்தான்.

தறியில் இருந்தது என் மகளின் முகூர்த்தப் புடவை. ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்த வீட்டில், முதல்முறையாக எங்களுக்கென்று ஒன்று. அரக்கு உடல், பச்சைக் கரை, முந்தானை மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டது, வேகவதி ஆற்றில் தண்ணீர் ஏறும் என்று செல்போனுக்கு எச்சரிக்கை வந்தது.

"நம்ம தெருவுக்கு எந்தக் காலத்துல தண்ணி வந்துச்சு? சும்மா இரும்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்ம வீட்ல கல்யாணங்கூடத்தான் இதுவரைக்கும் நடந்ததில்ல. அதுக்காக நடக்காதா?"

எனக்கு வந்த கோபம் அவர்மேல் மட்டுமில்லை. முன்பெல்லாம் பெருகி வந்த தண்ணீர் போய் நிற்க வயல் இருந்தது. இப்போது அந்த வயலில் வீடுகள் நிற்கின்றன. ஆறு பாதியாகச் சுருங்கிவிட்டது. மழை அதே மழையாக இருக்கலாம், ஊர் அதே ஊர் இல்லையே! தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவர்களுக்கு இது தெரியாதா?

வாசற்படியைத் தாண்டினால்தான் வெள்ளம் என்று மற்ற வீடுகளில் நினைக்கலாம். நாங்கள் காலைத் தொங்கப்போட்டு நெய்யும் தறிப் பள்ளம் தரைக்குக் கீழே இருக்கிறது. தெருவில் தேங்கும் முன்பே அதில் தண்ணீர் ஊறும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்கள் பிழைப்பே அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. பள்ளத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

பாவு இழை ஒவ்வொன்றும் தறிக்கு மேலே டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் நூல்களுக்குள் நுழைந்திருக்கும். அப்படியே சுருட்டி எடுக்க முடியாது. "அறுத்துடலாம்," என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் ஓடி வந்தார். "தாலி கட்டிக்கப்போற பொண்ணு புடவைமா! அறுக்கறேன்னு வாயால சொல்லலாமா? விளங்குமா?"

"முழுகிப்போனா மட்டும் விளங்குமா?"

வருமா வராதா என்று ஜோசியம் பார்ப்பது என் வேலையில்லை. வந்தால் தாங்குமா என்பதுதான் என் கேள்வி. அறுத்து, தண்ணீர் வராமல் போனால், அறுத்த இழைகளுக்கு முடிச்சுப் போட்டுப் போட்டுக் கண் பூத்துப்போகும், அவ்வளவுதான். அறுக்காமல் விட்டு, வந்துவிட்டால் பட்டும் போச்சு, ஜரிகையும் போச்சு, தறியும் போச்சு. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானே கத்தரியை எடுத்தேன். பின்னால் இருந்த பாவை அறுத்துச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். நெய்த பகுதியைத் தூக்கிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டினேன். பெற்ற வயிறாயிற்றே, எனக்கும் பயம்தான்.

மறுநாள் பளீரென்று வெயில். பள்ளத்து ஈரம் அதற்குமேல் ஏறவேயில்லை.

தெரு சிரித்தது. "இன்னாக்கா, தூறல் போடுது, எதனா அறுக்கலியா?" என்று பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். நானும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து இழைக்கு இழை முடிச்சுப் போட்டோம். புடவை முடிந்தது. ஆனால் முடிச்சுகள் விழுந்த இடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. கட்டினால் சரியாகத் தோள்மேல் வரும் இடம் அது. கடையில் வேறு எடுத்துவிடலாம் என்றார் நாத்தனார். என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை, இதையேதான் கட்டினாள்.

மண்டபத்தில் சம்பந்தியம்மா அவள் தோளைத் தடவிப் பார்த்தார். "இது இன்னாமா கோடு?"

நாத்தனார் என் கையைக் கிள்ளினார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்ப நான் என்ன திருடினேனா?

"வெள்ளம் வரும்னு பாவை அறுத்தேன். அப்புறம் முடிச்சுப் போட்டு நெய்தோம்."

"வந்துச்சா?"

"வரல. அடுத்த மழைக்கும் பள்ளம் ஈரமாச்சுன்னா அறுப்பேன்."

கல்யாண மண்டபத்தில் சொல்லக்கூடாத சொல். எனக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது.

"அறுப்பேன் இன்னா அறுப்பேன்? அறுப்போம்னு சொல்லு."